உலகின் மிகப் பெரிய மீன் எது? அதன் நீளத்தை ஏன் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "உலகிலேயே பெரிய மீன் நீலத் திமிங்கலம் என்று படித்தேன். பிறகு அது மீனே இல்லை, திமிங்கலச் சுறாதான் என்றார்கள். அதன் நீளத்தைத் தேடினால் ஓரிடத்தில் 12 மீட்டர், இன்னோரிடத்தில் 18, வேறோர் இடத்தில் 20. எதை நம்புவது?"

பெயரில் குழப்பமே வேண்டாம். திமிங்கலச் சுறாதான். அறிவியல் பெயர் ரின்கோடான் டைப்பஸ். தமிழில் அம்மணி உழுவை என்றும் இதற்குப் பெயர் உண்டு. எனக்கு அந்தப் பெயர்மேல்தான் பிரியம் அதிகம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நீலத் திமிங்கலத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். அது நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது, வாலை மேலும் கீழுமாக அடித்து நீந்துகிறது. மீன்களின் வால் செங்குத்தாக நின்று பக்கவாட்டில் அசையும். திமிங்கலச் சுறாவின் வால் அப்படித்தான் அசைகிறது. செவுளால் மூச்சு விடுகிறது. எலும்புக்கூடு முழுக்கக் குருத்தெலும்பு. பெயரில் இருக்கும் "திமிங்கலம்" அதன் பருமனுக்கும், நீரை வடிகட்டித் தின்னும் பழக்கத்துக்கும் ஆகி வந்தது, அவ்வளவே.

வம்பு நீளத்தில்தான் தொடங்குகிறது. நீங்கள் பார்த்த மூன்று எண்களுமே யாரோ கற்பனையில் அடித்துவிட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மீன் இருக்கிறது.

12 மீட்டர் என்பது பெரும்பாலும் 1949 நவம்பர் 11 அன்று கராச்சி அருகே பாபா தீவுப் பக்கம் பிடிபட்ட மீன். நீளம் 12.65 மீட்டர், உடலின் சுற்றளவு 7 மீட்டர். பல பத்தாண்டுகளுக்கு "நம்பத்தக்க அதிகபட்சம்" என்று புத்தகங்களில் இருந்தது இதுதான். எடை 21.5 டன் என்று கூடவே எழுதுவார்கள். அது தராசில் நிறுத்த எடை அல்ல, உடல் அளவை வைத்துப் போட்ட கணக்கு. 18 என்பது 18.8 மீட்டர், 2001-ல் அரபிக் கடலில் பிடிபட்டதாக ஆய்விதழில் பதிவான பெண் மீன். பெரிய கடல் உயிரினங்களின் அளவுகளை ஒவ்வொன்றாகச் சலித்து 2015-ல் ஓர் ஆய்வுக் குழு வெளியிட்ட பட்டியலிலும் திமிங்கலச் சுறாவின் உச்ச அளவு இதுவே. ஒன்றரைப் பேருந்து நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் என்பது தைவான் மீனவர்கள் 1987-ல் பிடித்ததாகச் சொல்லப்படும் மீன். எடை 34 டன் என்று குறித்திருக்கிறார்கள். ஆய்வாளர் யாரும் அருகில் நின்று நாடா பிடித்த அளவு அது இல்லை.

என் முடிவைக் கேட்டால், 18.8 என்று எழுதுங்கள், "பதிவான உச்ச அளவு" என்ற சொல்லையும் சேர்த்து. 20-ஐ நான் எழுத மாட்டேன். அதே சமயம் அப்படி ஒரு மீன் இருக்கவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன்.

ஒரு மீனை அளப்பதில் அப்படி என்ன கஷ்டம் என்று தோன்றும். முதலில், அது நிற்பதில்லை. ஒருவர் மூக்கு நுனியிலும் இன்னொருவர் வால் பக்கமுமாக நாடாவைப் பிடித்துக்கொண்டு அதன் கூடவே நீந்த வேண்டும். மீன் மெதுவாகப் போவது போலத்தான் தெரியும்; இரண்டு நிமிடத்தில் நமக்கு மூச்சு வாங்கும். அதற்குள் அது உடலை ஒரு பக்கமாக வளைத்துவிட்டால் கணக்கு கெட்டது. இரண்டாவது, கண்ணே ஏமாற்றும். முகமூடிக் கண்ணாடி வழியாக நீருக்குள் பார்க்கும் எந்தப் பொருளும் இருப்பதைவிடக் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். ஒளி நீரிலிருந்து கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக்கு வரும்போது வளைவதால் வரும் வினை. 8 மீட்டர் மீனைப் பார்த்துவிட்டுக் கரையேறி "பத்து இருக்கும்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. மூன்றாவது, எங்கிருந்து எதுவரை அளப்பது என்பதிலேயே வேறுபாடு உண்டு. வாலின் மேல்மடல் நுனிவரை அளக்கலாம், கவட்டை வரை அளக்கலாம், வால் தொடங்கும் இடத்தோடும் நிறுத்தலாம். உடலின் மேடு பள்ளத்தை ஒட்டி நாடா போட்டால் ஓர் எண், நேர்க்கோட்டில் பிடித்தால் வேறு எண்.

இப்போது செய்யும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. கேமராவின் இரு பக்கமும் இரண்டு லேசர் விளக்குகளைச் சரியாக 50 செ.மீ. இடைவெளியில், ஒன்றுக்கொன்று இணையாகப் பொருத்திவிடுகிறார்கள். மீனின் விலாவில் இரண்டு பச்சைப் புள்ளிகள் விழும். எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தாலும் படத்தில் அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருப்பது 50 செ.மீ.தான். அதையே அளவுகோலாக வைத்து மற்றதைக் கணக்கிட்டுவிடலாம். இரண்டு கேமராக்களை ஒரே சட்டத்தில் மாட்டி அளக்கும் முறையும் உண்டு. இந்த முறைகள் வந்த பிறகு ஒன்று தெளிவானது: கடலில் மனிதர்கள் சந்திக்கும் திமிங்கலச் சுறாக்களில் பெரும்பாலானவை 4 முதல் 10 மீட்டருக்குள் இருப்பவை. அதாவது அவற்றில் பல இன்னும் வயதுக்கு வராதவை.

இங்கேதான் "அம்மணி" வருகிறாள். ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பவளத்திட்டில் பத்தாண்டு காலம் ஒரே மீன்களைத் திரும்பத் திரும்ப அளந்து 2020-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆண் மீன்கள் சிறு வயதில் கிடுகிடுவென வளர்ந்து 8, 9 மீட்டரில் ஏறத்தாழ நின்றுவிடுகின்றன. பெண் மீன்கள் நிதானமாக வளர்ந்துகொண்டே போய் சராசரியாக 14 மீட்டரைத் தொடுகின்றன. ஆக, உலகின் மிகப் பெரிய மீன் என்று நாம் சொல்வது உண்மையில் முதிர்ந்த பெண் மீனை. நிங்கலூ, பிலிப்பைன்ஸின் டோன்சோல், மாலத்தீவு போன்ற பேர்போன இடங்களில் கூடுபவை பெரும்பாலும் இளம் ஆண்கள். பெரிய பெண் மீன்களைப் பார்க்க வேண்டுமானால் கலாபகசுத் தீவுக்கூட்டத்தின் வடகோடியில் இருக்கும் டார்வின் தீவு மாதிரியான இடங்களுக்குப் போக வேண்டும். அங்கும் அவை வந்து, சில நாள் தங்கி, போய்விடுகின்றன.

எடையைப் பற்றிக் கேட்காமல் விட்டீர்கள், நல்லது. இவ்வளவு பெரிய உடலை முழுசாகத் தூக்கித் தராசில் வைத்த சந்தர்ப்பங்கள் மிக அபூர்வம். நீங்கள் படிக்கும் டன் கணக்குகளில் அனேகமாக எல்லாமே நீளத்தைச் சூத்திரத்தில் போட்டு எடுத்தவை.

சரி, கிட்டே போய்ப் பார்ப்போம். பெரும்பாலான சுறாக்களுக்கு வாய் தலைக்கு அடியில் இருக்கும். இதற்கு முகத்தின் முன்னாலேயே, ஓரத்திலிருந்து ஓரம்வரை நேராகக் கிழித்தது போல இருக்கிறது. பெரிய மீனில் அகலம் ஒன்றரை மீட்டர் வரை. அதற்குள் 300-க்கு மேற்பட்ட வரிசைகளில் பற்கள். ஒவ்வொன்றும் அரிசிமணியை ஒத்த அளவுதான். ரின்கோடான் என்றால் அரம் போன்ற பல் என்று பொருள். 1828-ல் தென்னாப்பிரிக்காவின் டேபிள் விரிகுடாவில் ஈட்டியெறிந்து பிடித்த ஒரு மீனைப் பார்த்து ஆண்ட்ரூ ஸ்மித் என்ற மருத்துவர் வைத்த பெயர். அந்த மீன் வெறும் நாலரை மீட்டர்தான். (அச்சுக்கோத்தவர் எழுத்தை மாற்றிப் போட்டதால் பெயர் பல விதமாகப் புழங்கி, 1984-ல்தான் விலங்குப் பெயரிடும் பன்னாட்டு ஆணையம் தலையிட்டு ஒரே எழுத்துக்கூட்டலை உறுதிசெய்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நின்ற அச்சுப்பிழை!)

பெயர் பல்லில் இருந்தாலும் உணவுக்குப் பல் உதவுவதில்லை. வாய்க்குள் செவுள்களுக்கு முன்னால் 20 வடிகட்டித் திண்டுகள் இருக்கின்றன. கடற்பஞ்சு மாதிரி, நுண்ணிய துளைகளோடு. வாயைத் திறந்தபடி நாம் நடக்கும் வேகத்தில் அது முன்னே போகும். 6 மீட்டர் சொச்சம் உள்ள ஒரு மீன் மணிக்கு சுமார் 600 கன மீட்டர் நீரை இப்படிச் சலிப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 600 கன மீட்டர் என்றால் ஆறு லட்சம் லிட்டர். இதில் அழகான நுணுக்கம் ஒன்று உண்டு. வீட்டில் தேநீர் வடிகட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் நேராக வலைமேல் விழும், தூள் வலையை அடைத்துக்கொள்ளும். திமிங்கலச் சுறாவின் வாயில் நீர் திண்டுகளின்மேல் சாய்வாக உரசிக்கொண்டு ஓடுகிறது. நீர் மட்டும் துளை வழியே வெளியேற, இரை பின்னோக்கி உருண்டு தொண்டையருகே குவிகிறது. அதனால் துளையைவிடச் சிறிய இரையைக்கூட அதனால் பிடிக்க முடிகிறது, அடைப்பும் குறைவு. எப்போதாவது அடைத்துக்கொண்டால் ஒரு இருமல். ஒரு புகைமேகம் போல வாயிலிருந்து குப்பை வெளியே வரும்.

இரை அடர்ந்து கிடக்கும் இடத்தில் நீந்தவும் செய்யாது. உடலைச் செங்குத்தாக நிறுத்தி, வாயை நீர்மட்டத்தில் வைத்து, கிணற்றில் வாளி முங்குவது போல மடக்மடக்கென்று உறிஞ்சும்.

என்ன தின்கிறது என்பதுதான் வேடிக்கை. கிரில், சிறு மீன், கணவாய், நுண்ணிய மிதவை உயிரிகள் எல்லாம் உண்டு. ஆனால் பெருங்கூட்டமாகக் கூடுவது மீன் முட்டைக்காக. 2009-ல் மெக்சிகோவின் யுகடான் கரைக்கு அப்பால் வானிலிருந்து எண்ணியபோது ஒரே இடத்தில் 420 திமிங்கலச் சுறாக்கள் இருந்தன. சூரை இன மீன் ஒன்று அங்கே முட்டையிட்டிருந்தது. கத்தார் நாட்டின் அல் ஷாஹீன் எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றிக் கூடுவதும் சூரை முட்டைக்குத்தான். ஒரு முட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். உலகின் மிகப் பெரிய மீன் கூட்டம் போட்டுத் தின்பது கடுகைவிடச் சிறியதை.

மனிதனை விழுங்குமா என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். விழுங்காது. வாய் பெரிது, தொண்டை குறுகல். பயப்பட வேண்டியது வாலுக்கு மட்டுமே. நிங்கலூவில் தலையிலிருந்தும் உடலிலிருந்தும் 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளி நீந்த வேண்டும் என்று விதி வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

கண்ணைச் சொல்லாமல் விட மனமில்லை. இத்தனை பெரிய தலையின் ஓரத்தில் கோலிக்குண்டு மாதிரி ஒரு சின்னக் கண், இமை கிடையாது. 2020-ல் ஜப்பானின் ஒக்கினாவாவில் ஆராய்ந்தவர்கள் அந்த விழிமேலேயே பல் போன்ற நுண்செதில்கள் பதிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சுறாத் தோலைச் சொரசொரப்பாக்கும் அதே வகைச் செதில், கண்ணில்! ஏதாவது நெருங்கினால் விழியை அப்படியே குழிக்குள் இழுத்துக்கொள்ளவும் செய்யும்.

முதுகில் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும் கட்டம் கட்டமாக இருக்கும். மடகாஸ்கரில் இதற்கு "நிறைய நட்சத்திரம் கொண்டது" என்று பொருள்படும் பெயர். ஜாவாவில் "முதுகில் நட்சத்திரம்". இந்தப் பெயர்களைச் சூட்டியவர்களுக்குத் தெரிந்திருக்காது, பின்னாளில் விண்மீன் படங்களை ஒப்பிட வானியலாளர் பயன்படுத்திய கணக்குமுறையையே எடுத்து இந்தப் புள்ளிகளை அடையாளம் காண்பார்கள் என்று. 2005-ல் அதை வெளியிட்டார்கள். கைரேகை போல ஒவ்வொரு மீனுக்கும் புள்ளி அமைப்பு வேறு; செவுளுக்குப் பின்னால் இடது விலாவை ஒரு படம் எடுத்தால் போதும். சுற்றுலாப் பயணி எடுத்த படம்கூட ஆய்வுக்கு ஆகும்.

வயது? மரத்தில் வளையம் எண்ணுவது போல முதுகெலும்பு வில்லையில் வளையங்களை எண்ணலாம். ஆனால் ஒரு வளையம் ஓராண்டா ஆறு மாதமா என்று நெடுநாள் சண்டை. தீர்த்துவைத்தது அணுகுண்டு. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றிலும் கடலிலும் கார்பன்-14 அளவு திடீரென ஏறியது; அந்த ஏற்றம் அப்போது உயிரோடிருந்த எல்லாவற்றின் உடலிலும் பதிந்தது. தைவானிலும் பாகிஸ்தானிலும் பாதுகாத்து வைத்திருந்த எலும்புகளில் அதைத் தேடி, ஒரு வளையம் ஓராண்டுதான் என்று 2020-ல் உறுதிசெய்தார்கள். பாகிஸ்தான் மீன் சாகும்போது அதற்கு 50 வயது. நீளம் சுமார் 10 மீட்டர். ஐம்பது வயதில் பத்து மீட்டர் என்றால், 18-ஐத் தொட எத்தனை காலம் ஆகும் என்று நீங்களே பாருங்கள். அவ்வளவு காலம் ஒரு மீனை விட்டுவைக்கிறோமா என்பதும் இந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது.

விட்டுவைக்கவில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016-ல் இதை அழிவாபத்து உள்ள இனம் என்று மாற்றி வகைப்படுத்தியது. 75 ஆண்டுகளில் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்பது காரணம். தைவானில் சதை வெள்ளையாகவும் மெத்தென்றும் இருப்பதால் "தோஃபு சுறா" என்று பெயர் வைத்து விற்றார்கள். 2007-ல் தடை வந்தது. குஜராத்தில் ஈரல் எண்ணெயைப் படகுக்குப் பூசுவதற்காகக் கொன்றார்கள். இந்தியா 2001-ல் புலிக்குச் சமமான சட்டப் பாதுகாப்பைக் கொடுத்தது. இந்நாட்டில் மீன் ஒன்றுக்கு அது முதல் முறை. சட்டத்தைவிட வேலை செய்தது ஒரு உவமை. மொராரி பாபு என்ற கதாகாலட்சேபக்காரர் 2004 வாக்கில், இது பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள், அவளைக் கொல்லலாமா என்று கேட்டார். "வஹாலி", செல்லமானவள், என்று பெயரும் வைத்தார்கள். வலையில் மாட்டியதை மீனவர்களே வலையை அறுத்து விடத் தொடங்கினார்கள். அறுபட்ட வலைக்கு வனத்துறை ஈடு கொடுத்தது.

இப்போதைய பெரிய ஆபத்து வலையைவிடக் கப்பல். நீர்மட்டத்தை ஒட்டி மெதுவாக நீந்தும் பிராணி. சரக்குக் கப்பல் மோதினால் சத்தமில்லாமல் மூழ்கிவிடும். 2022-ல் வெளியான ஆய்வு, அவை நடமாடும் பரப்பில் 92 விழுக்காடு பெருங்கப்பல் பாதைகளோடு பிணைந்திருப்பதாகக் காட்டியது. நடமாட்டமும் கொஞ்சநஞ்சமல்ல. ஆன் என்று பெயரிடப்பட்ட ஒரு பெண் மீன், 2011-ல் பனாமா பக்கம் கருவி பொருத்தப்பட்டு, 841 நாளில் 20,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி மரியானா அகழி வரை போனது. ஆழத்தில் 1,900 மீட்டருக்கும் கீழே மூழ்கிய பதிவு உண்டு.

"பெரிய மீன்" என்பதற்கு வேறு போட்டியாளர்கள் இருக்கிறார்களே என்று பின்னூட்டம் வரும் முன் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் இடம் பாஸ்கிங் சுறாவுக்கு. 1851-ல் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 12.27 மீட்டரில் ஒன்று மாட்டியது. எலும்பு மீன்களில் கனமானது சூரிய மீன்: 2021 டிசம்பரில் அசோர்ஸ் தீவருகே செத்து மிதந்த ஒன்றைத் தூக்கி நிறுத்தபோது 2,744 கிலோ. நிஜமாகவே தராசில். நீளமான எலும்பு மீன் துடுப்பு மீன், நம்பத்தக்க அளவு 8 மீட்டர். நன்னீரில் என்றால் 2022 ஜூனில் கம்போடியாவில் மீகாங் ஆற்றில் பிடித்து, அளந்து, உயிரோடு விட்ட 300 கிலோ திருக்கை. மெகலோடான் என்ற பழங்காலப் பெருஞ்சுறா அழிந்து சுமார் 36 லட்சம் ஆண்டு ஆகிறது; அதன் பல்லும் சில முள்ளெலும்பும்தான் கையில் இருக்கின்றன என்பதால் அதன் நீளச் சண்டை இதைவிட மோசம்.

கடைசியாகப் பிறப்பு. 1953-ல் மெக்சிகோ வளைகுடாவில் இழுவலையில் ஒரு முட்டை உறை வந்தது. உள்ளே குட்டித் திமிங்கலச் சுறா. அதைப் பார்த்து, இது முட்டையிடும் மீன் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1995-ல் தைவானில் 10.6 மீட்டர் பெண் மீன் ஒன்று பிடிபட்டு, வயிற்றை அறுத்தபோது உள்ளே ஏறத்தாழ 300 குட்டிகள், 42 முதல் 64 செ.மீ. வரை பல அளவுகளில். முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரிந்து குட்டியாக வெளிவருகிறது என்பது அன்றுதான் தெரிந்தது. உயிரோடிருந்த ஒரு குட்டியை ஜப்பானில் தொட்டியில் வளர்த்தார்கள். சில மாதங்களிலேயே இரண்டு மடங்குக்கு மேல் நீண்டுவிட்டது.

2009 மார்ச்சில் டோன்சோலுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு குட்டியைப் பிடித்து, வாலில் கயிறு கட்டி, கரையோர முளைக்குச்சியில் ஆட்டுக்குட்டியைப் போலக் கட்டிப்போட்டிருந்தார்கள். செய்தி கிடைத்துப் போனவர்களுக்கு அதை அளப்பதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை: 38 செ.மீ., ஒரு முழம்கூட இல்லை. கயிற்றை அவிழ்த்து, வலையில் சிக்காத ஆழத்துக்குப் படகில் கொண்டுபோய் அன்றே விட்டுவிட்டார்கள்.